பின்பக்கத் தோட்டத்துக்குப் பதினைந்து ரியால்

என் கணவர் மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் எஸ்டிமேஷன் இன்ஜினீயர். எட்டு மாடிக் கட்டடத்துக்கு எத்தனை மூட்டை சிமென்ட்? டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவார்.

போன மாதம் எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கும் எஸ்டிமேட் போட்டார்.

வீட்டு ஓனர் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்குத் திருப்தி என்றால்தான் இன்னொரு வருஷம் இந்த வீடு. பின்பக்கமோ குளிர்காலம் முழுக்கச் சீண்டாமல் கிடந்தது... காய்ந்த பேரீச்ச மட்டை, காகிதப்பூச் சருகு, காற்று கொட்டிய மணல்.

கணவர் ஏசி ஹாலில் உட்கார்ந்தபடியே கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். எக்ஸெல்லைத் திறந்தார். ஒரு ஆள், நான்கு மணி நேரம், பதினைந்து ரியால். முடிந்தது!

ரூவியில் செடி விற்கும் கடையிலிருந்து செல்வம் வந்தார். ராமநாதபுரத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத் தோட்டத்தை ஒரு சுற்று நடந்தார். ரெண்டு ஆள், ரெண்டு நாள், நாற்பது ரியால் என்றார். கணவர் சிரித்தார். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி விளக்கம் வேறு. செல்வம் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

புதன்கிழமை, பதினைந்துக்கே ஒத்துக்கொண்டு வேறொருவர் வந்தார். சருகைக் கூட்டி அள்ளினார். மணலில் மண்வெட்டி இறங்கியதும்தான் தெரிந்தது — அடியில், முன்பு குடியிருந்தவர்கள் விரித்த பிளாஸ்டிக் புல். அதைத் துளைத்துக்கொண்டு வேர் ஓடியிருந்தது. மத்தியானமே "கலாஸ்", வேலை முடிந்தது என்று பாதிக் கூலியோடு கிளம்பிவிட்டார்.

செல்வத்துக்கு நான்தான் போன் செய்தேன். இனி எழுபது கேட்பான் என்று கணவர் முணுமுணுத்தார். மறுநாள் காலை ஒரு ஆளோடு வந்த செல்வம், சருகு அள்ளியாகிவிட்டதே, முப்பத்தைந்து போதும், அடியில் இருக்கும் புல்லுக்கும் சேர்த்துத்தான் அன்றைக்கே சொன்னேன் என்றார்.

அடியில் புல் இருப்பது முன்பே எப்படித் தெரியும் என்று கணவர் கேட்டார்.

"கால் வெச்சா மெத்துன்னு இருந்துச்சு சார். நீங்க இறங்கிப் பாக்கலையா?"

இன்ஜினீயர் எக்ஸெல்லை மூடினார்.

வெள்ளி சாயங்காலம் வேலை முடிந்தது. சனிக்கிழமை ஓனர் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்தவர் உழைப்புக்கு விலை போடும்போது மட்டும் நமக்கு எங்கிருந்து வருகிறது இந்தத் தைரியம்? ஒரு மட்டை வெட்டியதில்லை. ஒரு முள் குத்தியதில்லை. ஆனால் நான்கு மணி நேரம் போதும் என்று மட்டும் தெரியும்!

கணவரை மட்டும் சொல்வானேன்... அந்தப் பதினைந்தே ஜாஸ்தி என்று சொன்னவள் நான்.