உங்களைக் கேட்கிறது, சார்

தோஹாவுக்கு வந்து, ஏசி காற்று போகும் தகர டக்ட் மாட்டத் தொடங்கிப் பதினாறு வருடம் ஆகிறது. அதற்கு முன்பு விருதுநகர்ப் பக்கம் கல்யாண பேண்டு செட்டில் ட்ரம்பெட் ஊதினேன். சும்மா ஊதவில்லை. மாப்பிள்ளை ஊர்வலம் தெருமுனை திரும்புவதற்கு முன்பே, மண்டபத்துக்குள் சாம்பார் தாளித்துக்கொண்டிருக்கும் சமையல்காரர் "அந்தா, நம்மாளு வந்துட்டாரு" என்று சொல்லிவிடுவார். தற்பெருமை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். என் மனைவி என்னைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்டவள். ஏழு பேர் சேர்ந்து ஊதினாலும் என் ட்ரம்பெட் எது என்று தனியாகச் சொல்லிவிடுவாள்.

இங்கே குளிர்காலத்தில் கம்பெனிகளின் பேண்டுகளுக்குள் ஒரு போட்டி உண்டு. டிரம்மும் பித்தளை வாத்தியங்களுமாக, அணிவகுத்து நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். எங்கள் கம்பெனியும் பேண்டு தொடங்கப்போகிறது என்று நோட்டீஸ் ஒட்டிய அன்றே என் பெயரை முதலாவதாக எழுதிவிட்டு வந்தேன். மாஸ்டராகவே போட்டுவிடுவார்கள் என்று உள்ளூர ஒரு நம்பிக்கை.

மாஸ்டராக வந்தவர் டிராயிங் செக்ஷன் மேடம். யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பள்ளிக்கூட பேண்டில் யூபோனியம் என்ற பெரிய பித்தளை வாத்தியம் வாசித்துப் போட்டிகளில் கோப்பை வாங்கியவராம். சைட்டில் அவர் வரைந்து கொடுக்கும் டக்டைத்தான் நான் தொங்கவிடுகிறேன். வெள்ளிக்கிழமையாவது அவரிடமிருந்து விடுதலை என்று இருந்தவனுக்கு அதுவும் போயிற்று.

போட்டியில் பித்தளைச் சத்தத்துக்கு மட்டும் தனியாக ஒரு நடுவர். வெள்ளைக்காரர், ராணுவ பேண்டில் இருந்தவர். நாம் வாசிக்க வாசிக்க அவர் பக்கத்திலேயே நடந்து, தோன்றுவதை எல்லாம் ஒரு ரெக்கார்டரில் பேசிக்கொண்டே வருவார். மறுநாள் மார்க்கோடு அந்தப் பேச்சையும் பேண்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

முதல் வருடம் ஐந்து ட்ரம்பெட்டில் நான் வரிசையின் ஓரத்தில் நின்றேன். நடுவர் என் பக்கம் வந்தார், நின்றார், ரெக்கார்டரை வாயருகே கொண்டுபோய் ஏதோ சொன்னார். மறுநாள் அந்தப் பதிவு வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் சத்தத்துக்கு மேலே அவர் குரல் தெளிவாகக் கேட்டது. "எண்ட் ட்ரம்பெட்! ஐ ஹியர் யூ, சார். ஐ ஹியர் யூ ஆல் த வே." ஓரத்து ட்ரம்பெட், உங்களைக் கேட்கிறது, சார், கடைசிவரை கேட்கிறது.

சார் என்று வேறு சொல்லியிருக்கிறார்! ரூமில் இருந்த எட்டுப் பேருக்கும் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். "வாஹ் பாய், வாஹ்!" என்று பிகார்க்காரர் முதுகில் தட்டினார். மனைவிக்கு அனுப்பினேன், அவள் சொந்தபந்தம் எல்லாவற்றுக்கும் அனுப்பினாள். நஜ்மா கடைத்தெருவுக்குப் போய்ப் பிரியாணி வாங்கிவந்து ரூமுக்கே விருந்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, கிடங்குக்குப் பின்னால் உள்ள முற்றத்தில் பயிற்சி. மேடம் மார்க் தாளோடு வந்தார். பித்தளைச் சத்தத்துக்கு இருபதுக்குப் பதினொன்று. எனக்கு நிலைகொள்ளவில்லை.

"எப்பிடி மேடம் கொறையும்? நடுவரே என்னப் பாராட்டியிருக்காரு."

அவர் சிரிப்பை அடக்குகிறார் என்பது தெரிந்தது. "அண்ணை, கோவிக்காதேங்கோ. அது பாராட்டு இல்லை. அவர் ஏசுறார். அஞ்சு ட்ரம்பெட்டும் ஒண்டாக் கேக்கவேணும். உங்களை மட்டும் தனியாக் கேக்குது, அதுதான் மார்க் போனது. விளங்குதோ?"

விளங்கியது. ரூமில் எட்டுப் பேர் கைதட்டியதும், சொந்தபந்தம் எல்லாம் பெருமைப்பட்டதும் எனக்கு விழுந்த திட்டுக்குத்தான் என்பதும் சேர்ந்தே விளங்கியது. அவர் அதோடு விடவில்லை. என் மேலுதட்டில் மவுத்பீஸ் பதிந்து பதிந்து காய்த்துப்போன வட்டத்தைக் காட்டினார். ஊதுகாரனுக்கு அதுதான் மெடல் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது மூச்சால் ஊதாமல் உதட்டில் அழுத்தி ஊதுகிறவனின் அடையாளமாம். "இப்பிடியே போனா அடுத்த முறை உங்களுக்குச் சிம்பல்ஸ்தான் தரவேண்டி வரும், அண்ணை."

சிம்பல்ஸ் என்றால் நம் ஊரில் ஜால்ரா. பதினாறு வருடத்தில் யாருக்கும் ஜால்ரா அடிக்காததால்தான் ஃபோர்மேன் ஆகாமல் இருக்கிறேன். கடைசியில் கையிலேயே கொடுக்கப் பார்க்கிறார்கள். அன்று வந்த கோபத்தில் பேண்டே வேண்டாம் என்று இரண்டு வெள்ளிக்கிழமை போகவில்லை. அந்த இரண்டு வெள்ளியும் கட்டிலில் படுத்துக்கொண்டு விரலால் தொடையில் வால்வு அழுத்திக்கொண்டிருந்தேன். ட்ரம்பெட் இல்லாமல் என்னால் இருக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

திரும்பிப் போனபோது ஒரு தந்திரத்தோடு போனேன். கேட்கக் கூடாது, அவ்வளவுதானே? பூனை மாதிரி ஊதினேன். மேடம் கையைத் தட்டி நிறுத்தினார். "மெதுவா ஊதச் சொல்லேல்லை அண்ணை. இப்ப உங்கடை இடத்திலை ஓட்டை விழுந்தமாதிரி இருக்கு."

சத்தமாக ஊதினாலும் குற்றம், மெதுவாக ஊதினாலும் குற்றம். இந்த வித்தை எனக்கு வராது என்றே முடிவு செய்துவிட்டேன்.

பிடி கிடைத்தது சைட்டில். ஒரு ஆபீஸ் தளத்தை முடித்துக் கொடுக்கும் வேலை. ஏசி ஃபேனுக்குப் பக்கத்து அறையில் காற்று விசிலடித்தது, கடைசி அறையில் காகிதம்கூட அசையவில்லை. நான் ஏணியில் ஏறி, பக்கத்து அறைக்குப் போகும் டக்டில் இருந்த டேம்பரை, அதாவது காற்றைத் தடுக்கும் தகட்டை, கொஞ்சம் சாய்த்தேன். முழுக்க மூடினால் அந்த அறை வெந்துவிடும். விசில் நிற்கும் வரைக்கும், கடைசி அறையில் காகிதம் ஆடும் வரைக்கும், சாய்த்துக்கொண்டே இருந்தேன். கிளையண்ட் வந்து எல்லா அறையிலும் நின்று பார்த்துவிட்டு, "ஏசி ஓடுதா?" என்று கேட்டார். எங்கள் வேலையில் அதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது. காற்று முழுசாக வர வேண்டும், எங்கிருந்து வருகிறது என்று தெரியக் கூடாது. ஏணி மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். பதினாறு வருடமாகக் கையால் செய்கிற வேலையை வாயால் செய்யத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அடுத்த வெள்ளி மேடத்திடம், "எனக்கு ஒரு டேம்பர் போடணும் மேடம்" என்றேன். டக்ட் வரைகிறவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என்னை ஓரத்திலிருந்து எடுத்து ஐவரின் நடுவே நிறுத்தினார்.

அந்த வருடம் முழுவதும் ஒரே சுரத்தை நீளமாகப் பிடிப்பதுதான் வேலை. அடிவயிற்றிலிருந்து முழு மூச்சு, உதட்டில் அழுத்தம் கூடாது. காது மட்டும் பின்னால் அடிக்குரலில் ஊதும் டியூபாவின் மேல். பக்கத்து ட்ரம்பெட்டும் நானும் சுருதியில் ஒரு நூல் விலகினாலும் சத்தம் நடுங்கும். அந்த நடுக்கம் அடங்கும்வரை உதட்டைச் சரிசெய்ய வேண்டும். வெயில் ஏறினால் பித்தளை சூடாகிச் சுருதியும் ஏறிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம். உதட்டு வட்டம் மெல்ல மெல்ல மறைந்தது. அதைக் கண்ணாடியில் பார்த்தபோது கொஞ்சம் துக்கமாகத்தான் இருந்தது.

இரண்டாவது போட்டிக்குப் பஸ்ஸில் ஏறும்போதுகூட சிம்பல்ஸ் யாருக்கு என்று மேடம் சொல்லவில்லை. இறங்கியதும் ட்ரம்பெட் பெட்டியை என்னிடம் நீட்டினார். "பிடியுங்கோ, அண்ணை." எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெயில் என்று சமாளித்தேன்.

கடைசி சுரத்தை எல்லோரும் சேர்ந்து பிடித்தபோது எனக்குத் திக்கென்றது. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. விரல் வால்வில் இருக்கிறது, உதடு அதிர்கிறது, மூச்சு போகிறது, ஆனால் என்னைக் காணோம். தவறிவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. மைதானம் முழுக்க நிரம்பி நின்ற அந்த ஒற்றைச் சத்தத்துக்குள் நானும் இருந்தேன். இவ்வளவு பெரிய சத்தத்தை என் வாழ்நாளில் நான் ஊதியதில்லை.

நடுவரின் பதிவில் இந்த முறை ஓரத்து ட்ரம்பெட்டும் இல்லை, நடு ட்ரம்பெட்டும் இல்லை. ஓர் இடத்தில் மட்டும், "ஹௌ மெனி ட்ரம்பெட்ஸ்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். எத்தனை ட்ரம்பெட் என்று எண்ண முடியவில்லை அவரால். மொத்தத்தில் எங்களுக்கு மூன்றாம் இடம்தான், நடையில் கோட்டைவிட்டோம். பித்தளைச் சத்தத்தில் பதினேழு, வந்த பேண்டுகளில் அதுதான் அதிகம்.

இந்த முறை ரூமில் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. மனைவிக்கு மட்டும் போன் போட்டு, ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துக் கேட்கவைத்தேன்.

"ஏங்க, ரொம்ப நல்லாருக்கு. ஆனா ஒங்களக் காணோமே?"

"நல்லாக் கேளு."

மறுபடி போட்டேன். முடியும்வரை கேட்டாள்.

"இல்லீங்க. ஒங்க சத்தம் எனக்குத் தெரியாதா? அன்னைக்கு டூட்டியா? ஊதலையா?"

"ஊதுனேன். முழுசா ஊதுனேன்."

அவள் நம்பவில்லை. இத்தனை வருடத்தில் அவளால் என்னைக் கண்டுபிடிக்க முடியாமல் போனது அந்த ஒரு தடவைதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவது தடவையும் போட்டேன்.