கெங்கம்மாள் என் குடும்பத்தில் சேர்ந்த கதை

அயனம்பாக்கத்திலிருந்து முகப்பேருக்கு வீட்டு வேலைக்கு நடந்து போகிற பெண்களில் கெங்கம்மாள் மட்டும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போவாள். அடுக்குமாடி வாசலில் காவலாளியைப் பார்த்த பிறகுதான் காலில் மாட்டுவாள். தேய்ந்தால் வேறு வாங்க வேண்டுமே. கொத்தனார் புருஷன் சாரத்திலிருந்து விழுந்து செத்து ஒன்பது வருஷம். மூன்று வீட்டில் பாத்திரமும் தரையும் தேய்த்தால் மாதம் பதினோராயிரம். என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறையில் மகள் மோகனப்பிரியாவோடு வாடகைக்கு இருக்கிறாள்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் அடுத்தவன் பட்டறையில் இரும்புத் தூள் பெருக்கி, அதே தெருவில் மூன்று லேத் மெஷின் சொந்தமாகப் போட்டவன். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? மனைவி இறந்த பிறகு கெங்கம்மாள்தான் எனக்கும் என் மகன் தமிழரசுக்கும் சமைக்கிறாள். சமைத்ததில் தாயும் மகளும் எடுத்துக்கொள்வார்கள். அதுதான் சம்பளம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம், ஹேமாவதி என்ற பெண் வருமானக் கணக்கெடுப்புக்கு வந்தார். குடும்பங்களை வருமானப்படி வரிசையாக நிறுத்தி ஐந்து பங்காகப் பிரிப்பார்களாம். அடிமட்ட இரண்டு பங்கில் வருகிற வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டும். மோகனப்பிரியா நர்சிங் படிக்க விண்ணப்பித்திருந்தாள். அந்தக் கட்டணத்தைத்தான் இருவரும் நம்பியிருந்தார்கள்.

“ஐயா, ஒரே அடுப்புல சமைச்சு சாப்பிடறவங்க எத்தனை பேரு?” என்றார் ஹேமாவதி.

அக்கம்பக்கத்து ஆட்கள் வாசலில் நின்றிருந்தார்கள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“எங்க ஊட்ல ஒல வெச்சா நாலு பேருக்கும் சேத்துதாம்மா. நானு, எம்புள்ள, கெங்கம்மா, அது பொண்ணு. பிரிச்சுப் பாக்கற வழக்கமே இங்க கெடையாது.”

“அப்ப ஒரே குடும்பம். மாச வருமானம்?”

“ஒரு லட்சம்னு போட்டுக்கோ.”

ஒரு லட்சம் என்பது பட்டறையில் புரள்கிற பணம். கையில் நிற்பது முப்பதாயிரத்தைத் தாண்டாது. கெங்கம்மாள் வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். வீட்டுக்காரனை நாலு பேர் முன்னால் அவள் எப்படி மறுப்பாள்?

மோகனப்பிரியாவுக்கு இடம் கிடைத்தது. அடுத்து பட்டியலும் வந்தது. நான் மேல்மட்டப் பங்கில். என்னோடு கெங்கம்மாளும்.

மறுநாளே தனியாகக் கணக்கெடுப்பு அலுவலகம் போனேன். “நான் சொன்னது தப்பு சார். அது தனிக் குடும்பம். லட்சம்ன்றதும் சும்மா சொன்னது.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “அன்னிக்குப் பொய் சொன்னீங்களா, இன்னிக்குப் பொய் சொல்றீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

வரிசையில் பின்னால் நின்றவன் சிரித்தான். “இன்னா பெர்சு, லச்சாதிபதி நீ, இங்க வந்து நின்னுகினு கீற?”

பெரிய கம்பெனி மேனேஜர்களையே பேசி மடக்கியவன் நான். அங்கே ஒரு மனு எழுதி நீட்டத்தான் முடிந்தது. மனுவை வாங்கி ஒரு கட்டின் அடியில் வைத்தார்கள்.

கல்லூரிக் கட்டணம் நாற்பத்தைந்தாயிரத்தைத் தமிழரசிடம் கேட்டேன்.

“ரெண்டு மெஷின் வேலையில்லாம சும்மா கீது. பேங்குக்காரன் டெய்லி போன் போடறான். படம் காட்டுனது நீ, பணம் கட்டறது நானா?” என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. என் மோதிரத்தை விற்கலாமென்றால், அது போன வருஷமே பட்டறைக்குப் போய்விட்டது. ஊருக்குத் தெரியாது.

கட்டணம் கட்டக் கடைசி நாள் மதியம் கல்லூரியிலிருந்து போன் வந்தது. மோகனப்பிரியா போனை அம்மாவிடம் நீட்டினாள். நாலு மணிக்குள் கட்டுவீர்களா, அடுத்த பெண் காத்திருக்கிறாள் என்று கேட்டது எனக்கும் காதில் விழுந்தது.

“கட்ட முடியாதும்மா,” என்றாள் கெங்கம்மாள். “அந்தப் பொண்ணுக்கே குட்த்துடுங்க. பாவம், அதுவும் எவ்ளோ நேரம் நிக்கும்?”

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

“அடுத்த வருஷம் பாத்துக்கலாம் கண்ணு,” என்றேன் பெண்ணிடம்.

மோகனப்பிரியா மார்க் ஷீட்டை பிளாஸ்டிக் கவருக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். “அடுத்த வருசமும் நாங்க உங்க குடும்பந்தானா தாத்தா?” என்றாள்.

கெங்கம்மாள் அவளை முறைத்தாள். பிறகு அவளும் என் பதிலுக்காக என்னைப் பார்த்தாள். இந்தப் பட்டியல் ஐந்து வருஷத்துக்கு மாறாது என்று அதிகாரி சொன்னதை நான் இன்றுவரை அவர்களிடம் சொல்லவில்லை.