புளியங்கொட்டையும் கல்லும்

ஜப்பான்காரன் வந்த புதிதில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் அந்தக் கிராணியைத் தலைவராக்கினோம். அரிசிப் பங்கீட்டுக்கு எங்கள் வீடுகளுக்கென்று ஒரு தலைவர் வேண்டும் என்று உத்தரவு வந்தபோது வேறு ஒருவரும் முன்வரவில்லை. அவர் ரயில்வே சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதும் வேலை பார்த்தவர், நாலு பேரிடம் நயமாகப் பேசத் தெரிந்தவர். கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினோம். நானும் தூக்கினேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. என் வீட்டுக்காரர் ரயில் பட்டறையில் ஃபிட்டர்.

ஒன்றரை வருஷத்தில் அவர் பெயரைச் சொன்னாலே குழாயடியில் காறித் துப்பும் நிலைமை வந்துவிட்டது. அரிசி குறைந்தது, கிடைத்ததிலும் சுண்ணாம்பு நாற்றம். நாங்கள் மரவள்ளிக்கிழங்கைத் துருவித் தின்றுகொண்டிருக்க, அவர் வீட்டிலிருந்து சோறு பொங்கும் வாசனை வருவதாகச் சொன்னார்கள். அதைக்கூடப் பொறுத்திருப்போம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து ஆறு பேர் போனார்கள். ஒருவரிடமிருந்தும் தகவல் இல்லை. பட்டியலைக் கதவில் ஒட்டியது கிராணி. அவருடைய தம்பி பெயரும் மச்சான் பெயரும் அதில் இல்லை. பெயர்களை எழுதிக் கொடுத்ததே அவர்தான் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். நானும்தான்.

பக்கத்து வீட்டு அக்காவும் நானும் இதைத்தான் தினமும் பேசுவோம். அவளுடைய கணவர் சிக்னல் வேலைக்காரர். அந்த நாட்களில் நான் நம்பிப் பேசிய ஒரே ஆள் அவள். மற்றவர்களிடம் பேசும்போது, இது எந்தக் காதுக்குப் போய்ச் சேருமோ என்று நாக்கு பின்வாங்கும்.

மறுபடி தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தது. கிராணி தானே நிற்பதாகச் சொன்னார். எதிர்த்து நிற்கத் தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவர் துணிந்தார். கை தூக்கினால் முகம் தெரிந்துவிடும், அதனால் இரகசியமாகப் போட வேண்டும் என்று வாத்தியார் கேட்க, கிராணி சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை. வாத்தியாரையும் முழுக்க நம்ப முடியவில்லை. ஜப்பான் மொழியை அத்தனை சீக்கிரம் எதற்காகக் கற்றுக்கொண்டார் என்று சிலர் கேட்டார்கள்.

தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, மத்தியான வேளையில், கிராணி என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அக்கா வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உன் வீட்டுக்காரர் பேரை ரெண்டு தடவ சயாமுக்குக் கேட்டாங்க தங்கச்சி. பட்டறைக்கு அவர் இல்லாம முடியாதுன்னு சொல்லி நான்தான் நிப்பாட்டி வச்சிருக்கேன். புதுசா வர்றவருக்கு இதெல்லாம் தெரியுமா? ஓட்டு உன் இஷ்டம் லா, நான் ஒண்ணும் கேக்கல.”

டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அது உதவியா மிரட்டலா என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆத்திரப்பட்டு நேரே போய்ச் சண்டை போடுவார். அக்காவிடமும் சொல்லவில்லை. மறுநாள் குழாயடியில் அவளும் வழக்கம்போல் கிராணியைத் திட்டவில்லை. துணியைக் கும்மிக்கொண்டே இருந்தாள். இவளிடமும் வந்திருப்பாரோ என்று தோன்றியது. கேட்டால் என் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் கேட்கவில்லை.

பள்ளிக்கூடக் கொட்டகையில், காலையில் ஓட்டு. வீட்டுக்கு ஒன்று. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்ததால் நான்தான் போனேன். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டையும் ஒரு கூழாங்கல்லும் கொடுத்தார்கள். கொட்டை கிராணிக்கு, கல் வாத்தியாருக்கு. தட்டிக்குப் பின்னால் இரண்டு பானைகள். வேண்டியதை முதல் பானையிலும் வேண்டாததை இரண்டாவதிலும் போட வேண்டும். சயாமுக்குப் போன அந்த ஆறு பேரின் பெண்டாட்டிகளும் எனக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே போய், நான் முதல் பானையில் புளியங்கொட்டையைப் போட்டேன்.

முதல் பானையைக் கவிழ்த்து எண்ணினார்கள். கல் பதினொன்றுதான். மற்றதெல்லாம் கொட்டை. ஒருவரும் கை தட்டவில்லை. கிராணி மட்டும் கும்பிட்டார்.

அன்று சாயங்காலம் குழாயடியில் எல்லோரும் கொதித்தார்கள். எவள் விலை போனாள், எவன் விலை போனான் என்று ஒரே பேச்சு. நான் கல்லுதான் போட்டேன் என்று அங்கே இருந்த ஒவ்வொருத்தியும் சொன்னாள். பதினாலு பேர் சொன்னோம். பதினாலாவதாகச் சொன்னது நான். அதன் பிறகு அந்தக் குழாயடியில் யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசவில்லை.

அடுத்த பட்டியல் மூன்று வாரத்தில் வந்தது. முதல் பெயர் வாத்தியாருடையது. நாலாவது பெயர் அக்காவின் கணவருடையது. என் வீட்டுக்காரர் பெயர் இல்லை. யார் எதைப் போட்டார்கள் என்று கிராணிக்கு எப்படித் தெரியும்? தட்டியில் ஓட்டை இருந்ததா? அல்லது அக்காவுக்கும் அதே வாக்கைக் கொடுத்து ஏமாற்றினாரா?

அவளுடைய கணவர் ரயிலேறிய மறுநாள் அக்கா என் சமையல்கட்டுக்கு வந்தாள். அழவில்லை.

“அந்தக் கிராணி உன் வீட்டுக்கும் வந்தானா?” என்று கேட்டாள்.

“இல்லையே அக்கா,” என்றேன்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு போய்விட்டாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

யுத்தம் முடிந்ததும், ஜப்பான்காரனுக்கு வேலை செய்தவர்களை, காட்டில் ஒளிந்து அவனோடு போராடியவர்கள் வந்து தேடிப் பிடித்தார்கள். கிராணி அதற்கு முன்பே குடும்பத்தோடு மறைந்துவிட்டார். வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு, அந்த வருஷக் கடைசியில், கிள்ளான் பாசாரில் அவரைப் பார்த்தேன். இளைத்துப்போய், கருவாட்டுக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர்தான் முதலில் என்னைக் கூப்பிட்டு, வீட்டுக்காரர் சௌக்கியமா என்று விசாரித்தார். அக்காவின் கணவர் பெயரை ஏன் எழுதினீர்கள் என்று நான் கேட்டேன்.

“பட்டியல் எங்கம்மா என் கையில இருந்துச்சு? மேலேர்ந்து வரும், ஒட்டுவேன். அவ்வளவுதான். உன் வீட்டுக்காரர் பேர யாரும் கேக்கவே இல்ல. ஓட்டுக்காகச் சொன்னேன்.”

இதுவும் உயிருக்குப் பயந்து சொல்லும் பொய்யாக இருக்கலாம். உண்மையாகவும் இருக்கலாம். உண்மையானால், கையில் ஒரு அதிகாரமும் இல்லாத ஒருவரை நாங்களே பயத்தை ஓட்டாகப் போட்டு ஜெயிக்க வைத்திருக்கிறோம். எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வாத்தியார் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். அக்காவின் கணவர் வரவில்லை. அவள் காப்பார் என்ற ஊரில் தங்கை வீட்டோடு போய்ச் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். கிள்ளானிலிருந்து அங்கே போக அதிக நேரம் ஆகாது. கிராணியைப் பார்த்த அன்றும் நான் போகவில்லை.