அப் என்றால் மேலே

எங்கள் வீட்டில் ஆங்கிலம் என்பது அத்தையின் பொறுப்பு. அப்பாவுக்குத் தறி, அம்மாவுக்குச் சமையலும் நூல் வேலையும், எனக்குப் பள்ளிக்கூடம், அத்தைக்கு ஆங்கிலம் என்று யாரும் உட்கார்ந்து பங்கு பிரித்துக் கொடுக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் எல்லாப் பாடங்களிலும் தேறி ஆங்கிலத்தில் மட்டும் தவறிப்போன அப்பாவின் தங்கை, ஆரணி பஜாரில் புதிதாகத் திறந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அது அப்படி அமைந்துவிட்டது. தவறிப்போன பாடத்துக்கே அவர் அதிகாரி ஆனதில் யாருக்கும் வியப்பில்லை. மற்ற எங்களுக்குத் தவறிப்போகிற அளவுக்குக்கூட ஆங்கிலம் தெரியாது.

வகுப்பு ஒரு சைக்கிள் கடையின் மாடியில் நடந்தது. கலசப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகும் ஒரு சார்தான் நடத்தினார். பெரிய வார்த்தைகளை அகராதியில் பார்த்துக்கொள்ளலாம், சின்ன வார்த்தைகளில்தான் இங்கிலீஷே இருக்கிறது என்பது அவருடைய கட்சி. அதனால் ஒவ்வொரு சின்ன வார்த்தைக்கும் ஒரு தமிழ்ப் பொருளைக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். இன் என்றால் உள்ளே. அண்டர் என்றால் கீழே. ஆன் என்றால் மேலே, தொட்டுக்கொண்டு. அப் என்றாலும் மேலே, ஆனால் தொடாமல். ஆஃப் என்றால் நின்றுபோனது. ஓவர் என்றால் முடிந்தது.

சாயங்காலங்களில் நான்தான் அத்தைக்குத் தேர்வாளர். வீட்டிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாகக் காட்டி அது எங்கே இருக்கிறது என்று நான் கேட்க, அத்தை ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். பூனை அண்டர் தி லூம். சொம்பு ஆன் தி ஸ்டூல். ஒருநாள் கேட்பதற்குப் பொருள்கள் தீர்ந்துபோய், தறியில் நெய்துகொண்டிருந்த அப்பாவைக் காட்டினேன். அத்தை திணறிவிட்டார். அப்பா பலகையின்மேல் உட்கார்ந்திருந்தார். கால்கள் இரண்டும் தறிக்குழிக்குள் இருந்தன. ஆளோ தறியில் இருந்தார். ஆன் தி ப்ளாங்க், இன் தி பிட், அட் தி லூம் என்று மூன்றையும் சொல்லிவிட்டு, எது சரி என்று என்னையே கேட்டார்.

“நான் ஒருத்தன் ஒரே எடத்துலதான் கீறேன். அதைச் சொல்றதுக்கு மூணு இங்கிலீஷா?” என்றார் அப்பா.

எங்கள் கூடத்தில் இரண்டு தறிகள் இருந்தன. ஒன்று அப்பாவுடையது, மற்றது அவருடைய தம்பியான சித்தப்பாவுடையது. அதில் ஒரு வருடமாக யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்தே முழங்கால் மரத்துப்போகிறது, நாலு ஊர் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா புனேயில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டார். கிளம்புகிற அன்று அப்பா வாசலில் நின்றுகொண்டு, “போனா போனதாவே இரு. என் மூஞ்சில முழிக்காத” என்று சொன்னது தெருவுக்கே கேட்டது. அதன்பிறகு அப்பா சித்தப்பாவைப் பற்றிப் பேசுவதில்லை. எதிர்வீட்டு நூல் வியாபாரியின் போனுக்குச் சித்தப்பா எப்போதாவது கூப்பிடுவார். அம்மாதான் ஓடிப்போய்ப் பேசிவிட்டு வருவார். இன்னா சொன்னான் என்று அப்பா ஒருதரமும் கேட்டதில்லை.

ஓர் ஆடி மாதத்தில் அந்தப் போனில் வேறொரு குரல் வந்தது. சித்தப்பாவுடன் ஒரே அறையில் தங்கியிருந்த சேத்துப்பட்டுக்காரர். சித்தப்பாவுக்கு வயிற்றில் குடல்வால் வெடித்துவிட்டது, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, ஆபரேஷன் செய்யப்போகிறார்கள், நாளைக்கு இந்த நம்பரில் வார்டுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். அம்மா வந்து அழுதுகொண்டே சொன்னார். அப்பா தறியில் இறங்கி இருட்டும்வரை நெய்தார். மறுநாள் காலையில் பார்த்தால், எங்களுக்கெல்லாம் முன்பாக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

எதிர்வீட்டுப் போனிலிருந்து வெளியூருக்குப் பேச முடியாது. பஜாரிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு நாங்கள் நாலுபேரும் போனோம். அந்த ஆஸ்பத்திரியில் மராட்டி பேசுவார்கள், இந்தி பேசுவார்கள், விட்டால் இங்கிலீஷ். அத்தை வழியிலேயே பின்வாங்க ஆரம்பித்துவிட்டார்.

“அண்ணா, அவங்க பேசற வேகத்துக்கு எனக்கு ஒண்ணும் புரியாதுண்ணா.”

“உன்னை வுட்டா யாரு கீறாங்க பாப்பா? கேளு. கேட்டுகினு வந்து அப்படியே சொல்லு.”

கண்ணாடிக் கூண்டுக்குள் அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அப்பாவும் அம்மாவும் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் யாரிடமோ லைன் மாறிக் கடைசியில் ஒரு நர்ஸ் வந்தார். குரல் மட்டும் கணீரென்று எனக்குக் கேட்டது. சொன்னதைத் திருப்பிச் சொன்னால் மனதில் நிற்கும் என்பது சார் சொல்லிக்கொடுத்த வழி. அத்தை கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொன்னார்.

“ஆபரேஷன் ஈஸ் ஓவர்... ஹி ஈஸ் ஆஃப் ஆக்ஸிஜன்... அவுட் ஆஃப் பெட்... ஹி ஈஸ் அப் அண்ட் அபவுட்...”

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அத்தையின் குரல் தணிந்துகொண்டே வந்தது. கடைசியில், வகுப்பில் பழகிய பழக்கத்தில், “தேங்க் யூ சிஸ்டர்” என்று சொல்லிப் போனை வைத்தார்.

“இன்னா சொன்னாங்க?” என்றார் அப்பா.

“முடிஞ்சிடுச்சாம்.”

“இன்னா முடிஞ்சிச்சி? ஆபரேஷனா?”

“ஆக்ஸிஜன் நின்னுடுச்சாம் அண்ணா. கட்டில்லேர்ந்து வெளிய எடுத்துட்டாங்களாம்.” அத்தை அதற்குமேல் தமிழில் சொல்லவில்லை. “அப்னு சொன்னாங்க” என்று விரலை உயர்த்தி வானத்தைக் காட்டினார்.

மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எங்கள் சாயங்காலப் பாடத்தில் அந்த ஒரு வார்த்தை அப்பாவுக்கும் மனப்பாடமாகியிருந்தது. பூத்தின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மிச்சமிருந்த அபவுட்டை யாரும் விசாரிக்கவில்லை. அபவுட் என்றால் ‘பற்றி’ என்று சார் சொல்லியிருந்தார். அந்த இடத்தில் அது எதைப் பற்றி என்று அத்தைக்குத் தெரியவில்லை. துக்கத்தில் அதை விட்டுவிட்டார்.

வீடு வந்து சேர்வதற்குள் தெருவுக்குச் செய்தி போய்விட்டது. பெண்கள் வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பெரணமல்லூரில் இருக்கும் பெரியத்தைக்குத் தகவல் சொல்ல ஓர் ஆள் பஸ் ஏறினார். யாரோ பெஞ்சு கொண்டுவந்து வாசலில் போட்டார்கள். “சிரிச்சிகினே சொன்னா, அண்ணி, அந்த நர்ஸு. எப்படித்தான் மனசு வந்துச்சோ” என்று அத்தை சொல்லிச் சொல்லி அழுதார். பெரிய ஆஸ்பத்திரிகளில் தினமும் பார்ப்பதால் அவர்களுக்கு மரத்துப்போய்விடும் என்று ஒரு பெரியவர் விளக்கம் சொன்னார்.

அப்பாவைக் காணவில்லை. நான் தேடிக்கொண்டு உள்ளே போனேன். கூடத்தில் சித்தப்பாவின் தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் ஒட்டடை. அப்பா அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சத்தமும் வந்தது.

“வாடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பானே. நான்தான் தொரத்திட்டேன். மூஞ்சில முழிக்காதன்னேனே, அப்படியே பண்ணிட்டானே...”

அத்தை ஓடிவந்து அப்பாவின் முதுகைத் தடவினார். “வந்துகினு இருக்கான்னு நெனச்சிகினே இருந்தேன் பாப்பா. தீபாவளிக்கு வருவான், பொங்கலுக்கு வருவான்னு. வந்தா பேசியிருப்பேன்” என்று அப்பா சொன்னதை அன்று கூடத்தில் கேட்டவர்கள் நாங்கள் இரண்டுபேர்தான்.

அப்போதுதான் எதிர்வீட்டு நூல் வியாபாரியின் மகள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தாள்.

“ஒங்க சித்தப்பா போன்ல கீறாரு. ஜல்தியா வரச் சொன்னாரு.”

வீடு முழுக்க அழுகை பாதியில் நின்றது. “எந்த சித்தப்பா?” என்று ஒரு கிழவி கேட்டார். அதற்குள் அப்பா குழியிலிருந்து எழுந்து, வாசலில் போட்டிருந்த பெஞ்சைத் தள்ளிவிட்டு ஓடினார். நாங்களும் ஓடினோம்.

அப்பா போனை இரண்டு கைகளாலும் பிடித்துக் காதில் வைத்தார். வழக்கம்போல அம்மாதான் வந்திருக்கிறார் என்று எண்ணிச் சித்தப்பா பாட்டுக்குப் பேசிக்கொண்டு போனது பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. “அண்ணி, நான் நல்லா கீறேன். காத்தாலயே எழுந்து நடக்க வுட்டுட்டாங்க. நானேதான் நடந்து வந்து பேசறேன். அண்ணன்கிட்ட சொல்லாதீங்க, பேஜாரா பூடும்...”

மறுமுனையில், “அண்ணி? அண்ணி?” என்றது குரல்.

“சாப்டியா?” என்றார் அப்பா.

“கஞ்சி குடுத்தாங்கண்ணா” என்று பதில் மெல்ல வந்தது.

“கஞ்சி போதுமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அப்பா போனை அம்மாவின் கையில் திணித்தார். திரும்பிச் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிழிக்காமல் விட்ட பழைய தாள் அது. அதை வெகுநேரம் படித்தார்.

அதற்குப்பிறகு வீட்டில் கல்யாணக் களைதான். அழ வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். மதியத்துக்குமேல் பெரணமல்லூர் பஸ்ஸில் பெரியத்தை வந்து இறங்கி, தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தார். உயிரோடுதான் இருக்கிறார் என்று அம்மா எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. “என் மனசு தாங்காதுன்னு பொய் சொல்றீங்க” என்று இன்னும் பலமாக அழுதார். பாயசம் வைத்த பிறகே சந்தேகம் குறைந்தது. அப்போதும், கண்ணால் பார்க்கிறவரை நம்பமாட்டேன் என்று சொல்லிவிட்டு இரண்டாம் தரம் பாயசம் கேட்டு வாங்கினார்.

அத்தைதான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. தெருப் பிள்ளைகள் எங்கள் வாசலைத் தாண்டும்போது விரலை உயர்த்தி, “அப்! அப்!” என்று கத்தினார்கள். பெரியவர்களும் சிரிப்பை அடக்கிக்கொள்ளவில்லை. அத்தை வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார். சின்ன வார்த்தைகள் எழுதி ஒட்டியிருந்த தாளைச் சுவரிலிருந்து கிழித்தார்.

அப்பா நன்றாகத் திட்டப்போகிறார் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் அவர் கை கழுவிக்கொண்டு வந்து சைக்கிளை எடுத்தார்.

“பாப்பா, கெளம்பு. கிளாசுக்கு நேரமாச்சி.”

“நான் வரலண்ணா. தெருவே சிரிக்குது.”

“சிரிச்சா சிரிச்சிகினு போறாங்க. ஏறு.”

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். முன்கம்பியில் நான் தொற்றிக்கொண்டேன். மாடியில் சார் நடந்ததைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அகராதியை எடுத்துப் புரட்டி, அப்பும் அபவுட்டும் கூட்டுச் சேர்ந்தால் எழுந்து நடமாடுகிறார் என்று அர்த்தம், அவுட் ஆஃப் பெட் என்றால் படுக்கையை விட்டு எழுந்துவிட்டார், ஆக்ஸிஜனோடு ஆஃப் சேர்ந்தால் இனி அது அவருக்குத் தேவையில்லை என்று பொருள் என்றார். “தனித்தனியா இருக்கறப்போ சொன்ன பேச்சு கேக்குதுங்க. சேந்துகினா வேற மாதிரி ஆயிடுதுங்க. என் தப்புதான்மா, நான் தனித்தனியாவே சொல்லிக் குடுத்துட்டேன்” என்று பலகையிலிருந்த பட்டியலை அழித்தார். அப்பா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். திரும்பி வரும்போது, “அது இன்னா, இன்னொருதரம் சொல்லு” என்றார். அத்தை தயங்கித் தயங்கி, “அப் அண்ட் அபவுட்” என்றார். அப்பா பெடலை மிதித்துக்கொண்டே தனக்குள் அதைச் சொல்லிப் பார்த்தார். அத்தையை அவர் ஏன் திட்டவே இல்லை என்று அம்மாவிடம் கேட்டேன். போய்ப் படி என்றார் அம்மா.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போதே சித்தப்பா வந்தார். பாதியாக இளைத்திருந்தார். பெட்டியோடு உள்ளே வந்தவரைப் பார்த்து அப்பா, “ம்” என்றார். அவ்வளவுதான். சாப்பிட உட்கார்ந்தபோதும் இருவரும் நேருக்குநேர் பேசிக்கொள்ளவில்லை. “அவனுக்கு இன்னும் கொஞ்சம் சாதம் வையி” என்று அப்பா அம்மாவிடம் சொல்ல, “போதும்னு சொல்லுங்க அண்ணி” என்று சித்தப்பா அம்மாவிடம் சொன்னார். சண்டை இன்னும் தீரவில்லை என்று எனக்கு வருத்தமாக இருந்தது. பயணக் களைப்பில் சித்தப்பா இரண்டு தறிகளுக்கும் நடுவே பாய் விரித்துப் படுத்துத் தூங்கிப்போனார்.

தினமும் என்னை எழுப்பும் தறிச் சத்தம் கேட்காததால், காலையில் நான் எழுந்தபோது நன்றாக விடிந்திருந்தது. சித்தப்பா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா குளித்து நெற்றியில் விபூதி இட்டு, தன் தறிக்குப் பக்கத்தில் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

“இன்னாப்பா, தறி ஓட்டலியா?”

“இழை சிக்கிகினு கீது” என்றார் அப்பா, மிகவும் தணிந்த குரலில்.

நான் குனிந்து தறியைப் பார்த்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பட்டிழைகள் வாரிவிட்ட தலைமுடிபோல நேராகக் கிடந்தன. ஓர் இடத்தில்கூடச் சிக்கல் இல்லை. இல்லையேப்பா என்று நான் உரக்கச் சொன்னதும், மெதுவாகப் பேசு என்று கையை அமர்த்தினார். எனக்குக் கவலையாகிவிட்டது. அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, டாக்டரிடம் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.