தேங்காய் எண்ணெய் போட்ட துப்பாக்கி

மார்கழிக் குளிரில் இன்று காலை தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாய் உறைந்திருந்தது. அதை வெயிலில் வைக்கப் போன எனக்கு அப்பாவின் அக்கா, ராஜபாளையத்து எஸ்தர் அத்தை நினைவுக்கு வந்தாள்.

அது வெள்ளைக்காரன் காலம். அத்தை மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். எங்கள் வீட்டில் கொழும்பிலிருந்து வந்த இரண்டு காற்றுக் கைத்துப்பாக்கிகள் இருந்தன. பளபளப்பானதைச் சித்தப்பா எடுத்துக்கொள்ள, பிடி தேய்ந்த பழையதை அத்தை விரும்பி எடுத்தாள். "என் கைக்கு இதுதான் அடங்குது" என்றாள். சுட்டு முடித்ததும் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு, கம்பளித் துணியில் சுற்றி வைப்பாள். அந்த வாசனைக்காகவே நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு கிறிஸ்துமஸ் காலை, ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்ததும் சித்தப்பா, "அந்தப் பழசை எடைக்குப் போட்டுருவோம்க்கா" என்றார்.

"நான் குறி தப்பினா போடுலே."

கொல்லைச் சுவரில் புளியங்கொட்டையை மெழுகால் ஒட்டினார்கள். அத்தை சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சுட்டாள், கொட்டை சிதறியது. இன்னொன்றை ஒட்டிச் சித்தப்பா சுட்டார். ரவை பாதி தூரத்திலேயே சோர்ந்து விழுந்தது. அத்தை அவர் துப்பாக்கியை வாங்கி மோந்து பார்த்தாள்.

"ஏலே, தலைக்குத் தேய்க்கிறதையா இதுக்கும் போட்ட? உள்ள உறைஞ்சு கெடக்கு."

அன்று மத்தியானம் அவளே அதைக் கழற்றித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

வெயிலில் வைத்த எண்ணெய் உருகிவிட்டது. சித்தப்பா அதற்குப் பிறகு தலைக்குக்கூடத் தேங்காய் எண்ணெய் வைத்ததில்லை.