கரட்டுப் புறம்போக்கும் கோகிலவாணியும்

கோகிலவாணிக்கு வாய் நீளம் என்று காரிமங்கலம் சந்தை வரைக்கும் பெயர். அவள் அதை மறுத்ததே இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில், ஊர் முனையில் நிற்காமல் போன டவுன் பஸ்ஸை, ஆடுகளைக் குறுக்கே ஓட்டிவிட்டு நிறுத்தினாள். அன்றிலிருந்து பஸ் நிற்கிறது. அவளை வாயாடி என்று திட்டியவர்களும் அதில்தான் ஏறிப் போகிறார்கள்.

ஊருக்கு மேற்கே ஒரு கரடு. அந்தக் குன்றின் அடியில் புறம்போக்கு நிலம். மழை பெய்தால் புல் முளைக்கும், கோடையில் வேலமரத்துக் காய் உதிரும். வெள்ளாடு வைத்திருக்கும் வீடுகள் எல்லாம் அந்த நிலத்தை நம்பித்தான் இருந்தன. கோகிலவாணிக்குச் சொந்தமாக இருந்தது வானம் பார்த்த ஒரு துண்டுக் காடு. மழை ஏமாற்றிய வருஷங்களில் சோறு போட்டது ஆடுகள்தான். மகள் ஐஸ்வர்யா தர்மபுரியில் நர்சிங் படிப்பதும் அவற்றால்தான். கரட்டடி போனால் ஆடு போகும், ஆடு போனால் அவள் படிப்பும் போகும்.

அந்த நிலத்தில் வேலி போட்டுத் தைலமரம் வைக்க ஒரு நிறுவனம் வந்தது. நிலத்தைக் கெடுக்காமல் பயன்படுத்துவது எப்படி என்று மக்களிடம் கருத்துக் கேட்கிறார்களாம். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி, மைக், எல்லோருக்கும் டீ, மிக்சர். நிறுவனத்து அதிகாரி மாதவராஜ் இனிக்க இனிக்கப் பேசினார். “சும்மா தரிசா கெடக்கற எடம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆடு என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வரவே இல்லை.

“யாருக்காவது ஆட்சேபணை இருந்தா கை தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை. இந்த ஊர்ப் பழக்கம் அது. தேடி வந்தவரின் முகத்தை முறிக்க மாட்டார்கள். பெண் கேட்டு வந்தவர்களைப் பிடிக்காவிட்டால்கூட, காபியைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். வந்தவர்கள் புரிந்துகொண்டு கிளம்பிவிடுவார்கள். மாதவராஜ் கிளம்பவில்லை.

“ரொம்ப சந்தோஷம். எல்லாருக்கும் சம்மதம்னு எழுதிக்கறோம்” என்றார். கைதட்டச் சொன்னார். சிலர் தட்டவும் செய்தார்கள். பாழாய்ப்போன மரியாதை!

கோகிலவாணி எழப் போனாள். புருஷன் மாதேஸ்வரன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

“சும்மா இரு. வூரு தேடி வந்தவங்க.”

“வந்தவங்க போயிருவாங்க. ஆடு எங்கய்யா போவும்?” என்று எழுந்துவிட்டாள்.

“சார், எங்க மாரியாத்தா கோயில்ல கெடா வெட்டறத பாத்திருக்கீங்களா?”

மாதவராஜ் சிரித்தார். “அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“இருக்குதுங்க. கெடா மேல மஞ்சத்தண்ணி ஊத்திட்டு நிப்போம். அது ஒடம்ப உலுக்குனாத்தான் சம்மதம். எவ்வளவு நேரமானாலும் காத்துக் கெடப்போம். சும்மா நிக்குது, அதனால சம்மதம்னு எந்தப் பூசாரியும் அருவாள ஓங்க மாட்டான். வெட்டப்போற கெடாவுக்கே அந்த மரியாதைங்க. நாங்க சும்மா ஒக்காந்திருந்தோம்னு நீங்க ஓங்கிட்டீங்களே!”

கூட்டம் குபீரென்று சிரித்தது. மாதவராஜுக்கு முகம் சிவந்தது.

“சரி, உங்க ஒருத்தர் ஆட்சேபணைய எழுதிக்கறோம். மத்தவங்க யாரும் சொல்லலையே?”

அவள் ஊர்ப்பக்கம் திரும்பினாள். “டீ குடிச்சது போதும், வாயத் தொறங்க. நாளைக்கு ஆட்ட எங்க ஓட்டுவீங்க, இவரு காருக்குள்ளயா?”

முதலில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் எழுந்தாள். “எனக்கு வேண்டாங்க.” அடுத்து மாதேஸ்வரன் எழுந்து அதையே சொன்னான். அப்புறம் வரிசை வரிசையாக நாற்காலிகள் நகர்ந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“நேரமாச்சு, இன்னொரு நாள் பாத்துக்கலாம்” என்று மாதவராஜ் மைக்கை அணைக்கப் போனார். கோகிலவாணி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“சம்மதம்னு எழுதினத மொதல்ல அடிங்க சார். அடிச்சிட்டு ஒக்காருங்க. எங்க கருத்த கேக்கத்தானே வந்தீங்க? கேட்டுட்டுப் போங்க.”