படலத்தில் பதிந்த கட்டைவிரல்

நான் தப்பு செய்துவிட்டு அடுத்தவரைத் திட்டிய கதை இது.

கும்மிடிப்பூண்டியில் கோட்டிங் கம்பெனி ஒன்றின் லேபில் வேலை பார்க்கிறேன். கழுவிய உலோகத் தகடுகளை மெஷினுக்குள் வைத்தால், கிராஃபீன் என்கிற மெல்லிய கரி ஏடு அவற்றின்மேல் படியும். பிறகு ஹைட்ரஜன் வாயு அதை வைரம்போல் கெட்டியான படலமாக மாற்றும்.

ஒவ்வொரு தடவையும் முதல் தகட்டில் மட்டும் படலம் உரிந்துவந்தது. தகடு கழுவுகிற பழவேற்காட்டு செல்வியக்காவிடம், "ஒழுங்கா கழுவ மாட்டீங்களா?" என்று எல்லார் எதிரிலும் கத்திவிட்டேன்.

மறுநாள் அக்கா என் பக்கத்திலேயே வந்து நின்றார். நான் வழக்கம்போலக் கையுறையைக் கழற்றி, முதல் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வைத்தேன்.

"இன்னாம்மா பண்றே?"

"முதல் தகடாச்சே அக்கா. கையுறையோட கும்பிட்டா மரியாதையா இருக்குமா?"

"நான் காலைலருந்து தேய்ச்சிக் கழுவிக்கினு கீறேன், நீ விரல் எண்ணெய தடவி அனுப்புறியே!"

உரிந்த பழைய தகடு ஒன்றை ஓடிப்போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பத்திரத்தில் வைத்ததுபோல அங்கே என் கட்டைவிரல் ரேகை! எட்டிப் பார்த்த அக்கா சிரித்த சிரிப்பில் எனக்கு வெட்கமே மறந்துபோனது. எல்லார் எதிரிலும் மன்னிப்புக் கேட்டேன். அக்கா மறுபடி கழுவித் தந்த தகட்டை அன்று கையுறையோடே மெஷினில் வைத்து எடுத்தேன்; ஊசியால் எவ்வளவு கீறியும் ஒரு கோடு விழவில்லை. லேபே கைதட்டியது.

உரிந்த தகட்டுக்குக் குங்குமப் பொட்டு வைத்து, அக்கா மெஷின் பக்கத்தில் மாட்டினார். "இத்த கும்பிட்டுக்கோ. இது உள்ள போவாது."

தினமும் வேலை தொடங்குமுன் என் தப்பைத்தான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.